பதினொன்றாம் எண் படகின் அடிப்புறம்

1

அந்தக் குளக்கரையில் யாரும், பிறர் பார்க்கும்படி, படகைக் கவிழ்த்துப் பிடிப்பதில்லை. படகுச் சங்கத்தின் விதிமுறைகளில் இது எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்பட்ட விதிகள் ஏராளம். அவற்றை உறுப்பினர்கள் வாரந்தோறும் மீறுகிறார்கள். எழுதப்படாத இந்த ஒன்றை மட்டும் ஒருவரும் மீறியதில்லை.

கதை எனக்குக் கிடைத்த விதத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடைபெறவிருந்த 'பிரதியும் ஆசிரியரும்' என்னும் கருத்தரங்கு, கட்டுரையாளர் மூவர் தாப்பா சாலையில் மண்சரிவுக்கு அப்பால் நின்றுவிட்டதால், பிற்பகலுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆசிரியர் என்று ஒருவர் இல்லை என்பதை நிறுவும் இருபத்திரண்டு பக்கக் கட்டுரை என் பையில் இருந்தது. கேட்பதற்கு ஆளில்லை. விடுதிக்காரர் என்மீது இரக்கப்பட்டு, "எஸ்டேட்டு கொளத்துல ரிமோட் படகு ஓட்டுவாங்க தம்பி, போய்ப் பாருங்களேன். ஃப்ரீதான்லா" என்றார். போனேன்.

அங்கே நான் கண்டது, பின்னர் அங்கே படகு ஓட்டும் ரஞ்சிதத்திடம் கேட்டறிந்தது, இவ்விரண்டுக்கும் இடையில் நானாக இட்டு நிரப்பியது ஆகியவை சேர்ந்ததே இக்கதை. மூன்றாவதன் விகிதம் அதிகம்.

2

தொடக்கங்கள்:

மூடுபனி விலகியபோது தேயிலைச் சரிவுகள் பச்சைக் கம்பளம்போல—

[கைவிடப்பட்டது. கேமரன் மலையைப் பற்றி எழுதுபவர் எவரும் இந்தக் கம்பளத்தை விரிக்காமல் உள்ளே நுழைவதில்லை. லெம்பா பெர்த்தாமில் சாமந்திப்பூ பயிரிடும் ரஞ்சிதம் அந்தச் சரிவை ஒருமுறைகூடக் கம்பளமாகக் கண்டதில்லை. அவளுக்கு அது காற்று எந்தப் பக்கமிருந்து இறங்கும் என்று காட்டித்தரும் மேடு.]

கணவன் இறந்த பிறகு, அவன் விட்டுச்சென்ற படகை ரஞ்சிதம்—

[கைவிடப்பட்டது. முதல் வரைவில் அவள் கணவன் மகேன் இறந்துபோயிருந்தான். அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. உண்மையில் மகேன் உயிரோடு இருக்கிறான்; பள்ளி ஆய்வக உதவியாளராக ஈப்போவுக்குப் போனவன், மாற்றலாகித் திரும்பி வந்திருக்கிறான்; நல்ல உடல்நலத்தோடும் இருக்கிறான். கதையின் சிக்கலே அதுதான்.]

அன்று காலை ரஞ்சிதம் படகைக் காரின் பின்னிருக்கையில் கிடத்தி, பெல்ட் போட்டுவிட்டாள்.

[இது இருக்கட்டும்.]

3

இப்பகுதியைத் தாவிச் சென்றால் பின்னால் வருத்தப்படுவீர்கள். விதிகள் மூன்றே மூன்றுதான் தேவை.

முதலாவது: ஒவ்வொரு படகுக்கும் ஒரு பதிவெண் உண்டு. அது பாயில் பெரிதாக எழுதப்பட வேண்டும். படகுக்கூட்டின் அடிப்புறத்தில் செதுக்கப்படவும் வேண்டும். கூடு என்பது பாய்மரமும் சுக்கானும் பிறவும் பொருத்தப்படும் அந்த வெற்றுடல். குளக்கரையில் அதைப் 'பாடி' என்பார்கள், லாரிக்குச் சொல்வதைப் போல.

இரண்டாவது: பாயை மாற்றலாம். பாய்மரத்தை மாற்றலாம். சுக்கானையும், அடியில் தொங்கும் ஈயக்குண்டையும் மாற்றலாம். எண் மாறாது. கூட்டை மாற்றினால் மட்டும் அது வேறு படகு. அதை முதலிலிருந்து அளந்து, கட்டியவர் பெயரைப் பதிந்து, புதிய எண் தர வேண்டும். பழைய எண் பழைய கூட்டோடு போய்விடும்.

மூன்றாவது: பழுதுபட்ட கூட்டைச் செப்பனிடலாம், எண் தொடரும். எவ்வளவு செப்பனிடலாம் என்று விதி சொல்லவில்லை.

சங்கம் உயிர்வாழ்வது இந்த மூன்றாவது விதியின் மௌனத்தில். குளத்தின் மதகருகே ஒரு சிமெண்டுச் சுவர் உண்டு. காற்று தேயிலை மேட்டிலிருந்து திடீரென இறங்கும்போது எல்லாப் படகுகளும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் போய் முட்டியிருக்கின்றன. ஏறக்குறைய எல்லோரும் கூட்டை மாற்றியிருக்கிறார்கள். ஒருவரும் மாற்றியதாகச் சொன்னதில்லை. "கொஞ்சம் ரிப்பேர் பண்ணேன்" என்பார்கள். "ஆமாலா, ரிப்பேர் பண்ணாத்தான் ஓடும்" என்று மற்றவர்கள் ஆமோதிப்பார்கள்.

ஆயினும் இவர்கள் பொய்யர்கள் அல்லர். புதுக்கூட்டின் அடியில் பழைய எண்ணைச் செதுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. சொல்லாமல் இருப்பது வேறு, பொய்யை உளியால் செதுக்குவது வேறு என்பது அவர்களது அறவியல். ஆகவே அடிப்புறங்கள் வெறுமையாக இருக்கின்றன. ஆகவே யாரும் கவிழ்ப்பதில்லை. ஈயக்குண்டில் பாசி சிக்கினால், உடை மாற்றுபவரைப் போல ஒதுங்கி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எடுப்பார்கள். மற்றவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

ஆண்டுதோறும் படகுகளை அளப்பவள் ரேகா. நில அளவை அலுவலகத்தில் வேலை. நீளம், எடை, பாயின் பரப்பு எல்லாவற்றையும் மயிரிழை பிசகாமல் அளப்பாள். 'அடிப்புற எண்' என்ற கட்டத்துக்கு வந்ததும் தலையை உயர்த்தி மேட்டைப் பார்ப்பாள்; பார்த்தபடியே 'சரி' என்று குறித்துக்கொள்வாள்.

[அடிக்குறிப்பு: பாகங்கள் எல்லாம் மாற்றப்பட்ட ஒரு பண்டைய கப்பலைப் பற்றிய தத்துவப் புதிரை நான் இங்கே கொண்டுவருவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அக்கப்பலை யாரும் அளக்கவில்லை. அதனால்தான் அது புதிராகவே இருக்கிறது.]

4

ஓர் எண்ணுக்காக ஒருத்தி ஏன் இவ்வளவு அல்லாட வேண்டும் என்ற ஐயம் எனக்கும் இருந்தது. ரஞ்சிதம் என்னும் பாத்திரத்தை ஒரு முழு வரைவு நெடுக நான் நம்பவில்லை. பிறகு புரிந்தது.

மகேனும் அவளும் சேர்ந்திருந்த காலத்தில் குளக்கரையில் அவளுக்குப் பெயர் 'மகேன் வீட்டுக்காரம்மா'. படகு மகேன் கட்டியது. பதினொன்று அதன் எண். ஞாயிறுகளில் அவள் தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றுவாள். அவன் கை வலிக்கிறது என்றால் கொஞ்ச நேரம் ஓட்டுவாள். பிரிந்தபோது மகேன், "பாடி நான் செஞ்சது" என்று கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஈப்போ போனான். பாய், பாய்மரம், சுக்கான், ஈயக்குண்டு, ரிமோட் எல்லாம் வீட்டில் கிடந்தன. கூடில்லாமல் அவை எதற்கும் ஆகா என்பது அவன் கணக்கு.

ரஞ்சிதத்துக்கு ரெசின் பசை புதிதன்று. பூந்தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி வெடிக்கும்போதெல்லாம் கண்ணாடியிழைத் துணியை ஒட்டி, மேலே ரெசின் பூசி அடைப்பவள் அவள்தான். பூ அனுப்பும் வெள்ளை நுரைப்பெட்டிகளை ஒட்டி, சீவித் தேய்த்து, ஒரு கூட்டின் உருவத்தைச் செய்தாள். அதன்மேல் துணியைப் போர்த்தி ரெசினைப் பூசியதும் உருவம் கரைந்து, கஞ்சிபோலத் தரையில் ஒழுகியது. தொட்டி கரையாது, நுரைப்பெட்டி கரையும். அவளுக்கு அது தெரியவில்லை. ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு இன்னோர் உருவம் செய்து, பூங்கட்டுச் சுற்றும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் ரெசினைப் பூசினாள். நின்றது. முன்பகுதியை மகேன் செய்ததைவிடச் சற்றுப் பருமனாக விட்டிருந்தாள். மகேனின் படகு, காற்று மேட்டிலிருந்து விழும்போதெல்லாம் மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொள்ளும். அதைப் பல ஆண்டுகள் தேநீர் ஊற்றியபடியே அவள் கவனித்திருந்தாள்.

முதல் ஞாயிறு அதைக் கொண்டுவந்தபோது சங்கத் தலைவர் சாம்பசிவம் ஒரு பார்வை பார்த்தார். காய்கறி லாரி வைத்திருப்பவர். படகு எண் நான்கு.

"என்னம்மா இது?"

"கொஞ்சம் ரிப்பேர் பண்ணேண்ணே."

"நல்லது, நல்லது" என்று மேட்டைப் பார்த்தார்.

அன்று அந்தப் படகு ஒருமுறையும் மூக்கைக் குத்தவில்லை. இரண்டாவதாக வந்தது. அடுத்த மாதம் முதலாவதாக வந்தது. சாம்பசிவம் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "மகேன் கை அப்படிலா! ஆளு போனாலும் வேல நிக்குது பாரு!"

ரஞ்சிதம் புன்னகைத்தாள். வேறென்ன செய்ய முடியும்? செப்பனிட்டது என்று அவளேதான் சொல்லியிருந்தாள்.

ஆனால் ஒன்று கிடைத்தது. மகேன் போன பிறகு அவளை என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் திணறிய கூட்டம், எண்ணைப் பிடித்துக்கொண்டது. "பதினொண்ணு வந்துட்டாங்க." "பதினொண்ணுக்கு ஒரு மைலோ குடுங்க." அவள் வாழ்க்கையில் யாருடைய மகளாகவும் மனைவியாகவும் இல்லாமல் கிடைத்த முதல் பெயர் அது. எண்ணால் ஒருவரை அழைப்பது மனிதத்தன்மையற்றது என்று என் கட்டுரையில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போது அடித்துவிட்டேன்.

5

நான் குளக்கரைக்குச் சென்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, மகேனும் வந்திருந்தான். பழைய கூட்டுக்குப் புதுப் பாய்மரம், புதுப் பாய். பாயில் 11.

விதிப்படி அவன் செய்தது சரி. கூடு அவனிடம், எண் கூட்டுக்குரியது.

ஓய்வுபெற்ற தோட்டத்து எழுத்தர், 'கிராணி' புவனேஸ், ஒலிபெருக்கியோடு கரையில் நின்று பந்தயத்தை நடத்துகிறார். கோட்டுக்குப் பின்னால் படகுகள் குவிந்தன. கொடி இறங்குவதற்கு முன்பே ஒரு படகு கோட்டைத் தாண்டியது.

"பதினொண்ணு! லைனைத் தாண்டிட்டீங்க! திரும்பி வாங்க!"

எந்தப் பதினொன்றும் திரும்பவில்லை.

"கிராணி, எந்தப் பதினொண்ணுலா?" என்று சாம்பசிவம் கத்தினார்.

"பதினொண்ணுன்னா பதினொண்ணுதான்! ஒரே கொளத்துல ரெண்ட எறக்கிவிட்டுட்டு என்னையக் கேட்டா?"

"இருவத்திரெண்டுன்னு கூப்புடுங்க. ரெண்டும் திரும்பிரும்."

"நீங்க மொதல்ல உங்க நால நேரா ஓட்டுங்க. மதகுப் பக்கம் போவுது பாருங்க!"

நான்காம் எண் மதகுச் சுவரில் முட்டியது. சாம்பசிவம் கண்ணை மூடிக்கொண்டார். "பரவால்ல, ரிப்பேர் பண்ணிக்கலாம்" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். பந்தயம் செல்லாது என்று புவனேஸ் அறிவித்தார். இரண்டு பதினொன்றையும் அளந்து, ஒன்றை முடிவுசெய்யாமல் அடுத்த பந்தயம் கிடையாது.

[அடிக்குறிப்பு: கோட்டைத் தாண்டியது எது என்று எனக்குத் தெரியும். மகேனுடையது. இத்தகவலால் கதைக்குப் பயனேதுமில்லை. ஆயினும் ரஞ்சிதம் இதைக் கட்டாயம் எழுதச் சொன்னாள்.]

6

அளக்கும் மேசையில் இரண்டு படகுகளும், பாய்மரம் கழற்றப்பட்டு, மரத்தாங்கிகளில் நிமிர்ந்து நின்றன. உறுப்பினர்கள் தத்தம் படகுகளை இடுப்பில் அணைத்தபடி சுற்றி நின்றார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

[பனிக்கு இங்கே குறியீட்டுப் பொருள் எதுவும் இல்லை.]

"அடியில பதினொண்ணு இருக்கு, ரேகா. நான் சொல்றேன், எழுதிக்க" என்றான் மகேன்.

"நான் பாக்கணும்ண்ணே."

"எப்போலேர்ந்து பாக்குற?"

ரேகாவின் காது சிவந்தது. மகேனிடம் இருந்த ஒரே சான்று அடிப்புறத்தில் இருந்தது. அதைக் காட்டக் கவிழ்க்க வேண்டும். ஈப்போவில் எவ்வளவு காலம் இருந்தால் என்ன, அவனும் இந்தக் குளத்து ஆள்தான். கை படகின்மேல் இருந்தது, கவிழ்க்கவில்லை.

சாம்பசிவம் முன்னால் வந்தார். "யாரும் யாரோடதையும் பாக்க வேணாம். நாம என்ன போலீஸா? லோரிக்கு பாடி மாத்துனா நம்பர் மாறுதா? மாறல. அதே கதைதான்."

"சேசிஸ் மாறுனா?" என்றாள் ரேகா.

"படகுக்கு ஏதும்மா சேசிஸ்?"

"படகுக்கு பாடிதான்ணே சேசிஸ்."

சாம்பசிவம் தம் நான்காம் எண்ணை இடுப்பிலிருந்து மார்புக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப பேசாம இருப்போம்லா."

ஒன்றைக் கவிழ்த்தால் அடுத்ததையும் கவிழ்க்க வேண்டும்; அதற்கடுத்ததையும். அங்கிருந்த ஒவ்வொருவரும் தம் படகின் அடிப்புறத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய பெயரும் அந்த உள்ளங்கைகளுக்குள் இருந்தது.

ரஞ்சிதம் மகேனைப் பார்த்தாள். மகேன் சிரித்தான். கெட்ட சிரிப்பன்று. அதை நான் மூன்று வரைவுகளில் கெட்ட சிரிப்பாக எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை.

"நான் சண்ட போட வரல. பதினொண்ண அவங்களே வச்சுக்கட்டும். என்னுதுதான் புது பாடின்னு எழுதிக்க ரேகா, எனக்குப் புது நம்பர் குடு. அவங்க ஓட்டறது நான் கட்டுனதுதானே, கொஞ்சம் ரிப்பேர் பண்ணிருக்காங்க. அவ்ளோதான். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கூட்டம் மூச்சுவிட்டது. "பெரிய மனசுப்பா மகேன்" என்றார் புவனேஸ், தவறுதலாக ஒலிபெருக்கியிலேயே. மேட்டில் எதிரொலித்தது.

இவ்வாறாக, பழைய கூடு புதிதாயிற்று, புதிய கூடு பழையதாயிற்று, அனைவரும் நிம்மதியடைந்தனர்.

7

கதை இங்கே முடியலாம். ரஞ்சிதத்துக்கு அவள் பெயர் நிலைத்துவிட்டது. அதற்காகத்தானே இவ்வளவும்? சில முடிவுகளை எழுதியும் பார்த்தேன்.

(அ) ரேகா 11-அ, 11-ஆ என்று இரண்டு எண்கள் தருகிறாள். [எது 'அ' என்ற சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.]

(ஆ) செப்பனிடுதல் என்பது நூற்றுக்கு நூறு விழுக்காடு வரை நீளலாம் என்று சாம்பசிவம் தீர்மானம் கொண்டுவருகிறார், ஒருமனதாக நிறைவேறுகிறது. [இது நடந்திருக்கவும் கூடும். அதனாலேயே சுவையற்றது.]

(இ) மகேனின் பழைய கூட்டில் நீர் புகுந்து, பதினொன்று என்று செதுக்கிய அடிப்புறம் ஒருகணம் வானத்தைக் காட்டிவிட்டு நடுக்குளத்தில் மூழ்குகிறது. [அழகாக இருந்தது. அழித்துவிட்டேன்.]

எந்த முடிவாலும் ஒரு சிறு விஷயத்தைத் தாண்ட முடியவில்லை. ரேகா தன் படிவத்தை உரக்கப் படித்துச் சரிபார்த்தாள்: "பதினொண்ணு. ஓனர், ரஞ்சிதம். கட்டுனவர், மகேன். அப்படியே இருக்கட்டும்தானேக்கா?"

அந்தக் கேள்விக்கு முன் ரஞ்சிதம் அந்தக் கட்டத்தை நினைத்ததே இல்லை. பெயரைக் காப்பாற்றித் தந்த அதே மௌனம்தான், கஞ்சியாக ஒழுகிய நுரையையும், பருமனான மூக்கையும், நுரை கரைந்து வீணான அந்த ஒரு வாரத்தையும் மகேனின் கைவேலையாக்கியிருந்தது. இனி அவன் பெரிய மனசாலும் அது அவனுடையதே. பதினொன்றை வைத்துக்கொண்டால் படகு அவளுடையதல்ல. படகு அவளுடையதென்றால் பதினொன்று இல்லை.

இதழாசிரியருக்கும் உங்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். இக்கதையில் தலைப்பும் முதல் வரியும் மட்டுமே முதல் வரைவிலிருந்து எஞ்சியவை. உடல் முழுவதும் புதிது. சங்க விதிப்படி இது வேறு கதை. இதழுக்கு அனுப்பியபோது 'சில திருத்தங்கள் செய்துள்ளேன்' என்றுதான் எழுதினேன்.

[அடிக்குறிப்பு: அன்று பிற்பகல் கருத்தரங்கில், ஆசிரியர் இல்லை என்னும் என் கட்டுரையை வாசித்தேன். பதினாறாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். நேரமின்மை காரணம் என்று அறிக்கையில் உள்ளது.]

8

ரேகா அதன்பின் என்ன எண்ணை எழுதினாள், சாம்பசிவம் தம் நான்கை எங்கே கொண்டுபோய் வைத்தார், அடுத்த ஞாயிறு ரஞ்சிதத்தை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பவை எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. மேசையைச் சுற்றி நிற்பவர்களில் நீங்களும் ஒருவர். உங்கள் கையிலும் ஏதோ ஒன்று, அடிப்புறம் மூடப்பட்டு, இருக்கிறது. அடுத்து நடக்க வேண்டியதை அங்கிருந்தே முடிவுசெய்யுங்கள். நான் பார்த்த கடைசிக் காட்சியை மட்டும் தருகிறேன்.

"அக்கா, அப்படியே இருக்கட்டும்தானே?" என்று ரேகா மறுபடி கேட்டாள்.

"இரு" என்றாள் ரஞ்சிதம்.

கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். படகின் மூக்கை ஒரு கையாலும் வாலை ஒரு கையாலும் பிடித்துத் தூக்கினாள். அவள் செய்யப்போவதை முதலில் கண்டுகொண்டவர் சாம்பசிவம்.

"ஏம்மா, ஏம்மா பதினொண்ணு, வேணாம்மா—"

அவள் யாருக்கும் முதுகைக் காட்டவில்லை. எல்லோர் கண்ணெதிரிலும், ஈயக்குண்டு வானத்தைப் பார்க்க, படகைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். உள்ளேயிருந்த கொஞ்சம் குளத்துத் தண்ணீர் ரேகாவின் படிவத்தில் வழிந்தது. அடிப்புறத்தில் எண் இல்லை. ரெசினுக்கு அடியில் துணியின் நெசவும், ஓரிடத்தில் தேய்க்க மறந்த ஒரு விரல்தடமும் இருந்தன.

ரேகா மேட்டைப் பார்க்கவில்லை.

"ரிப்பேர் இல்ல" என்றாள் ரஞ்சிதம். "புது பாடி. நான் கட்டுனது. அள."